கண்காட்சிக்குப் போன ரோஜா

மலர்க் கண்காட்சிக்கு நான் வரமாட்டேன் என்றால் வரமாட்டேன்தான். மகர்பட்டாவில் சாயங்காலம் பெஞ்சில் கூடும் என் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். யார் வண்டி ஏற்பாடு செய்வது, யார் தயிர்சாதம் கட்டுவது, முட்டிவலிக்காரிகள் எங்கே உட்காருவது என்று நீங்கள் குதூகலமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டீர்கள். மருமகளோடு சண்டை என்றாள் ஒருத்தி. சர்க்கரை ஏறிவிட்டது என்றார் ஒருவர். ஒரு மண்ணும் இல்லை. எனக்குக் கோபம், அவ்வளவுதான். அது பத்து வயதில் வந்த கோபம். ஆறும் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை.

போன வருடம் என் அக்கா போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்தவரை இதைப் பற்றி நான் வாய்திறக்கவில்லை. இனிமேல் யாருக்காக மூடிவைக்க வேண்டும்? கேளுங்கள்.

அப்போது நாங்கள் இதே புனேயில், கிர்க்கியில் இருந்தோம். அப்பாவுக்கு ராணுவ ஸ்டோர்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஓட்டு வீடு, வாசலில் கொஞ்சம் வெறும் மண், அதைத் தாண்டினால் சாலை. லாரிகள் போகும்போது சமையலறையில் தட்டுகள் கிணுகிணுக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் என்பது அம்மாவின் பேச்சிலும் எங்கள் தட்டிலும்தான் தெரியும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மராட்டி, காய்காரனிடம் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. அக்காவுக்குப் பதினாறு வயது. மெட்ரிக் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் ஒரு ரோஜாச் செடி இருந்தது. அவளுடைய பாட்டனி டீச்சர் கொடுத்த பதியன். அங்கே டீச்சரைப் பாயி என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அப்பா ஆபீசில் கழித்துப் போட்ட தோட்டாப் பெட்டி ஒன்றில் வளர்த்தாள். பிறகு பாயியே ஒரு மண்தொட்டி வாங்கிக் கொடுத்தார். பூந்தொட்டிக்கு மராட்டியில் குண்டி என்று பெயர், உங்களுக்கே தெரியும். அம்மா அந்த வார்த்தையைச் செத்தாலும் சொல்லமாட்டாள். நானும் அக்காவும் வேண்டுமென்றே அவள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்போம்.

செடிக்கு எலும்புத்தூள் போட வேண்டும் என்று பாயி சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முட்டைக்கே இடமில்லை, எலும்புக்கு ஏது? அக்கா அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அம்மா கோயிலுக்குப் போகும் நேரத்தில் வேரைச் சுற்றிக் கிளறி, தூளைத் தூவி, மண்ணை மூடுவாள். நான் வாசலில் காவல். அந்த வாடை கையில் ஒட்டிக்கொள்ளும். புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம்.

ரேஸ்கோர்ஸுக்கு அந்தப் பக்கம் பெரிய தோட்டத்தில் ஜனவரியில் மலர்க் கண்காட்சி நடக்கும். அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பந்தல். தொட்டியில் தானே வளர்த்த ரோஜா, ஒரு செடியில் ஒரே பூ. அதுதான் போட்டி. பாயி அக்காவின் பெயரைக் கொடுத்துவிட்டார். அதோடு இன்னொரு ஆசையையும் மூட்டிவிட்டார். ஊரிலேயே விவசாயக் கல்லூரி இருக்கிறது, பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், உன் கைக்கு அதுதான் படிப்பு என்று. அக்கா ராத்திரி படுக்கையில் அதையே சொல்லிச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா துணிந்து கேட்டுவிட்டாள். நாலு பேர் முன்னால் என்றால் அப்பாவுக்குத் தாராளம் வந்துவிடும் என்று அவள் கணக்கு. அப்பா சிரித்தார்.

"செடிக்கு பிரைஸ் வாங்கிட்டு வாட்டி. காலேஜ்ல நானே கொண்டுபோய்ச் சேக்குதேன். நான் சொன்னா சொன்னதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சொன்ன சொல் மாறாதவர் என்று அப்பாவுக்கு ஆபீசிலும் பெயர், தமிழ்ச் சங்கத்திலும் பெயர். அந்தப் பெயரை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

டிசம்பர் கடைசியில் செடியில் கொத்தாக மொட்டு விட்டது. நடுவில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டு, பாயி சொன்னபடி, மற்ற மொட்டுகளை அக்கா நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். செடியின் சத்தெல்லாம் ஒரே பூவுக்குப் போக வேண்டும் அல்லவா? அந்த நேரம் பார்த்து அம்மா கோலமாவோடு வாசலுக்கு வந்தாள். கீழே கிடந்த மொட்டுகளைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கல்யாணமாகாத பிள்ள மொட்டக் கிள்ளலாமாட்டி? வீட்டுக்கு ஆகுமா?"

அக்கா பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினாள். அம்மா காதில் வாங்கவில்லை. கிள்ளிப் போட்ட மொட்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் சாமி படத்தின் அடியில் வைத்தாள். சில நாள் அக்காவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குக் கண்காட்சி வந்துகொண்டிருந்தது.

ஆகா, அந்தத் திட்டம் போட்டதை மட்டும் யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. காலையிலேயே டாங்கா வரும். தொட்டியை அக்கா மடியில் வைத்துக்கொள்வாள், காற்று படாமல் நான் போர்வை பிடிப்பேன். பந்தலில் கொடுத்துவிட்டு, நடுவர்கள் பார்த்து முடிக்கும்வரை தோட்டத்தைச் சுற்றுவோம். ஆலமரத்தடியில் ஜமுக்காளம். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், கரும்புச் சாறு. ராணுவ பேண்டு வாசிப்பார்களாம், அதற்கு முன்வரிசையில் நான். பரிசு அட்டையைத் தொட்டியில் செருகியதும் பாயியோடு நின்று ஒரு போட்டோ. அந்தப் படத்தில் எந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது என்றுகூட நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

அம்மாவும் திட்டம் போட்டாள். டிபன் கேரியரில் ஒரு அடுக்குக்குக் கேசரி என்றாள். அக்கா அரக்குப் பட்டுதான் கட்ட வேண்டும் என்றாள். புல்தரையில் உட்காரப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு என்று அக்கா கேட்டாள். பெரிய மனுஷர்கள் வருகிற இடம் என்று பதில் வந்தது. பட்டும் கேசரியும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது அப்படி விரிந்தது. நான் பொய் சொல்லவில்லை, அக்காவின் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தால்தான் கொள்ளும். வெளியிதழ் தணல் மாதிரி சிவப்பு, உள்ளே போகப் போகக் கறுத்துக்கொண்டு போகும். தெருவில் போகிற மராட்டிக்காரிகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். முதல்நாள் சாயங்காலம் அக்கா செடியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் வைத்தாள். குளிருக்கு ஒரு நாற்காலியை மறைப்பாக வைத்து அதன்மேல் துண்டைப் போட்டாள்.

அதே சாயங்காலம் அம்மா அப்பாவிடம் மார்க்கெட்டில் பூ வாங்கிவரச் சொல்லியிருந்தாள். புனே குளிரில் மல்லிகை ஏது? செவ்வந்தியோ சம்பங்கியோ கிடைப்பதை வாங்கி வாருங்கள், வெறுந்தலையோடு போக முடியாது என்றாள். அப்பா காலிஃபிளவரும் கொய்யாப்பழமும் கொண்டுவந்தார். பூ இல்லை. மறந்துவிட்டேன் என்றார்.

மறுநாள் காலை. அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, கணப்பில் முடியை உலர்த்திக்கொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பாவாடை நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னினாள். என்றைக்கும் பின்னும்போது ஊர்க்கதை பேசுவாள், அன்று பேச்சில்லை. பிறகு பக்கத்திலிருந்த முறத்தைத் தூக்கி அதன் அடியிலிருந்து எதையோ எடுத்து, அக்காவின் பின்னலுக்கு மேலே வைத்து ஊசியைக் குத்தினாள். எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு வாசனையில் தெரிந்துவிட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள்.

துண்டு நாற்காலிமேல் போட்டது போட்டபடி இருந்தது. செடி மொட்டையாக நின்றது. பூவுக்குக் காம்புகூட இல்லாமல் கழுத்தோடு அறுத்திருந்தாள். தண்ணீரில் போட்டு வைத்துப் பிழைக்கவைக்கவும் வழியில்லை. அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஏம்மா, ஏம்மா என்று மட்டும் கேட்டாள். எத்தனை தடவை கேட்டாள் என்று தெரியாது.

"ஒஞ் செடி. ஒம் பூ. ஒந் தலையிலதான வச்சேன்? வேற எவ தலையிலயுமா வச்சேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நம் வீடுகளில் இதற்குப் பதிலே கிடையாது. பூ என்றால் சாமிக்கு, இல்லாவிட்டால் தலைக்கு. தொட்டியில் வைத்து ஊரார் பார்ப்பதற்கு ஒரு பூ என்றால் எந்த அம்மா ஒத்துக்கொள்வாள்? வேறு மொட்டு இருக்குமே என்று அப்பா சவரக் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். அதைத்தான் அவளே கிள்ளிப்போட்டாளே என்றாள் அம்மா. தலையில் வைத்ததைப் பிடுங்காதே, நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்றும் சொன்னாள். நல்ல காரியம் என்ற வார்த்தை அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

நான் பூவைப் பிடுங்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும்ட்டி. என்ன பண்ணுனாங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்."

டாங்காவில் எலுமிச்சைச் சாதத்தின் வாசனையும் குதிரை வாசனையும் அந்த ரோஜாவின் வாசனையும். என் மடியில் போர்வை சும்மா கிடந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்காதான் அழவேண்டியவள், அவளே அழவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் பந்தலில் மேசைமேல் வரிசையாகத் தொட்டிகள். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது, அதற்கு முன்னால் அக்காவின் பெயர் எழுதிய அட்டை. பாயி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெறுங்கையோடு வந்த அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஹே காய் கேலஸ் க?"

இப்படிப் பண்ணிவிட்டாயே பெண்ணே என்று அவர் கேட்டதற்கு அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. பெற்ற தாயைப் பிறத்தியாரிடம் எப்படிச் சொல்வது? சட்டென்று பந்தலை விட்டு வெளியே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அப்பா முன்னால் வந்து, கையைப் பிசைந்துகொண்டு, தன் ஓட்டை ஹிந்தியில் பாயியிடம் சொன்னார்.

"லட்கி ஹை நா. ஷௌக் ஸே லகா லியா."

பெண்பிள்ளைதானே, ஆசைப்பட்டு வைத்துக்கொண்டுவிட்டாள் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். என் காதால் கேட்டேன். பாயியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த அட்டையை எடுத்து இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வகுப்பில் அவர் அக்காவை ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த மதராஸிப் பெண்களுக்குத் தலை அலங்காரம்தான் பெரிது என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னாராம். அவர்மேலும் எனக்குக் கோபம்தான். இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நிமிடம் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

வெளியே வந்தால் பேண்டு மேடைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் எதேச்சையாக எதிர்ப்பட்டது. எதேச்சை! அப்பாவுக்கு மேலே இருந்த ஹெட் கிளார்க்கும், அவருடைய மைத்துனர் குடும்பமும். புசாவலில் ரயில்வேயில் இருக்கும் பையன், அவன் அம்மா. அப்பாவும் ஹெட் கிளார்க்கும் அடடா நீங்களா என்று ஒருவரை ஒருவர் பார்த்து ஆச்சரியப்பட்ட அழகை இன்றைக்கு நினைத்தாலும் ஓங்கி அறையத் தோன்றுகிறது. எங்கள் ஜமுக்காளத்தில் அவர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் கேசரியைத் தின்றார்கள். பையனின் அம்மா அக்காவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"பூ நல்லா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

"அவளே வளத்தது" என்றாள் அம்மா.

கைராசிக்காரி என்று அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். சம்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன், இலையில் வைத்த சாதத்தைத் தொடாமல் தள்ளிவைத்தாள். பேண்டு வாசித்தார்கள். என்ன வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. பள்ளிப் பந்தலில் பரிசு வாங்கியது ஒரு சோகைபிடித்த வெள்ளை ரோஜா, அக்காவின் பூவில் பாதிகூட இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். கல்லூரி என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பிரைஸ் வந்திருந்தா கண்டிப்பா சேத்திருப்பேன்ட்டி. நான் சொல்லு மாறுதவனா?"

அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. என்ன நடிப்பு! ஆனால் அக்கா அதை நம்பினாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. பந்தலில் அப்பா சொன்ன பொய்யை நான் அவளிடம் சொன்னேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்கே சமாதானம் சொன்னாள். வைகாசியில் கல்யாணம். மெட்ரிக் பாஸானது புசாவலுக்குக் கடிதத்தில் போனது.

அத்திம்பேர் என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை, எங்கள் பக்கத்தில் அத்தான்தான். அத்தான் நல்ல மனுஷர், அவர்மேல் குறை இல்லை. ஆனால் அக்கா அம்மாவை மன்னிக்கவே இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான் பேச்சு. அம்மா புசாவலுக்குப் போனால் அக்கா தன் மகளின் தலையை அம்மா பின்ன விடமாட்டாள். சீப்பை வாங்கி வைத்துக்கொள்வாள். அப்பாவை மட்டும் தாங்கினாள். அவர் படுத்துவிட்ட பிறகு புசாவலுக்கே கூட்டிக்கொண்டு போய், குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அம்மா அந்த வீட்டின் பின்கட்டில் விருந்தாளி மாதிரி இருந்தாள். பிரைஸ் வந்திருந்தால் அப்பா என்னைப் படிக்க வைத்திருப்பார் என்று அக்கா தன் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வாள். நானே கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் வருஷத் திதி முடிந்து அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒரு மத்தியானம் இருவரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். கண்காட்சி சீசன். யாரோ போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளே கிடந்தது வெடித்துவிட்டது. உன் மூடத்தனத்தால் அவள் வாழ்க்கை போயிற்று என்று அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்.

"பாயி உங்கப்பாவ ரோட்டுல பாத்து சொல்லியிருக்கா. பிரைஸ் உம் மகளுக்குத்தான்னு. பூ வாங்கப் போன அன்னைக்கு வந்து எங்கிட்ட சொன்னாவ, அந்தப் புசாவல் வீட்டுக்கும் வாக்குக் குடுத்தாச்சி, இவளுக்கும் குடுத்தாச்சி, ரெண்டும் நிக்காதுன்னு. பூ வாங்கல, வீட்டுல பூத்தத எடுத்து அவ தலையில வச்சிருன்னாவ."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னாளாம். அதற்கு மேல் அவள் விவரிக்கவில்லை, அந்தக் காலத்து வீட்டில் அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடம்? பெற்ற மகள் சீப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டபோதுகூடவா வாய் வரவில்லை? அவர் செத்தபிறகாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன்.

அம்மா தோலைக் கூட்டி ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

"எங்கிட்டத்தான் அவளுக்கு ஆகல. அப்பாவாவது இருக்காவன்னு நெனச்சிட்டு இருந்தா. ரெண்டு பேரையும் வெறுத்துட்டு அந்தப் பிள்ள எங்கட்டி போவா?"